வீட்டு ஆள்

இன்பராஜ் அந்த வெள்ளிப் பதக்கத்தை வாங்கிக்கொண்ட விதத்தைப் பார்த்து, "இன்னா அடக்கம் பாருங்க" என்று சபையில் எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள். அடக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சுரங்கத்தில் ஷிப்டுக்கு இறங்குமுன் ஆளுக்கு இத்தனை என்று மெழுகுவத்தி கொடுப்பார்களே, அதை எப்படி வாங்கி மடியில் போட்டுக்கொள்வானோ அப்படித்தான் இதையும் வாங்கினான். நான் அவனுக்குப் பக்கத்து வீடு. எனக்குத் தெரியாதா?

இன்பராஜ் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. அவனைப் பற்றி எழுதுங்கள் என்று எங்கள் வாலிபர் சங்கத்தின் இப்போதைய பிள்ளைகள் வந்து கேட்டார்கள். ஆண்டுவிழா மலருக்காம். தலைமை, சேவை, தியாகம் என்று மூன்று தலைப்புகளையும் அவர்களே போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். தலைப்புகளை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்குத் தெரிந்த இன்பராஜை எனக்குத் தெரிந்தபடி எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

இன்பராஜின் அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்தவர். நாங்கள் எல்லோருமே அந்தப் பக்கத்து ஆட்கள்தான். பாறையை உடைத்தால் தங்கம் வருகிறதாம், வாராவாரம் கூலி கையில் வருகிறதாம் என்று கேள்விப்பட்டு, நிலமில்லாத சனங்கள் ஊர் ஊராகக் கிளம்பி வந்தோம். தங்கத்தை எங்களில் எவனும் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் கல். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துக்குப் பக்கத்தில் மூங்கில் தட்டி அடைத்து, லைன் லைனாக எங்களுக்கு வீடு போட்டுக் கொடுத்திருந்தார்கள். இந்த வீட்டில் குழந்தை தும்மினால் அடுத்த வீட்டில் இருப்பவள் "நூறு" என்பாள். ரகசியம் என்று ஒன்று அந்த லைனில் யாருக்கும் கிடையாது.

இன்பராஜுக்கு லெவலில் மணி அடிக்கிற வேலை. சுரங்கத்தில் ஷாப்ட் என்பது நேராகக் கீழே இறங்கும் கிணறு மாதிரி. அதிலிருந்து பக்கவாட்டில் பிரிந்து போகும் ஒவ்வொரு தட்டும் ஒரு லெவல். ஷாப்டில் ஏறி இறங்கும் இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பேர். லெவலில் நிற்பவன் கயிற்றை இழுத்தால் மேலே எஞ்சின் ரூமில் மணி அடிக்கும். ஒரு மணி என்றால் இழு, இரண்டு என்றால் இறக்கு. அதற்கு முன்னால் மூன்று மணி சேர்த்து அடித்தால் 'ஆள்' என்று அர்த்தம். உள்ளே ஆள் இருக்கிறான், பார்த்து இழு. மூன்று அடிக்காவிட்டால் உள்ளே இருப்பது கல். கல் என்றால் எஞ்சின்காரன் முழு வேகத்தில் இழுப்பான். கேஜ் இரண்டு பக்கமும் கட்டையில் இடித்துக்கொண்டு தடதடவென்று ஏறும். எங்கள் லைனில் எழுத்துத் தெரியாத பிள்ளைக்குக்கூட இந்த மணிக் கணக்குத் தெரியும்.

விடிவெள்ளி வாலிபர் சங்கத்தை ஆரம்பித்தவர் எங்கள் சபையின் சாலமோன் உபதேசியார். பையன்கள் ஷிப்டு முடிந்ததும் சாராயக் கடைக்குப் போகாமலிருக்க ஒரு வழி வேண்டும் என்று அவருக்குக் கவலை. நல்ல மனிதர். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, அவ்வளவுதான். முதல் இரண்டு வருஷம் சங்கம் செய்த சேவை என்னவென்றால், ஆர்மோனியத்தை யார் வாசிப்பது என்று சண்டை போட்டது. காப்பியை ஜெபத்துக்கு முன்னால் கொடுப்பதா பின்னால் கொடுப்பதா என்று இன்னொரு சண்டை போட்டது. இன்பராஜைக் காரியதரிசியாகத் தேர்ந்தெடுத்ததே, அன்றைய கூட்டத்துக்கு அவன் வரவில்லை என்பதால்தான். வந்தவர்கள் எல்லோரும் எனக்கு வேண்டாம், எனக்கு வேண்டாம் என்று நழுவி, வராதவன் தலையில் கட்டினோம். மறுநாள் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். அப்போதெல்லாம் நன்றாகச் சிரிப்பான். எங்கள் லைனிலேயே பெரிய கேலிக்காரன் அவன்தான் என்றால், பிற்பாடு அவனைப் பார்த்தவர்கள் நம்பமாட்டார்கள். உபதேசியார் நடப்பதை அவன் நடந்து காட்டினால் உபதேசியாரே சிரிப்பார்.

1897 என்று நினைக்கிறேன். எங்கள் லைனில் கடைசி வீட்டுக் காத்தவராயன், கீழே கல் சரிந்து செத்துப்போனான். எந்தக் கம்பெனி, எந்த ஷாப்ட் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். உடம்பை இன்பராஜின் லெவலுக்குத் தூக்கி வந்து கேஜில் கிடத்தினார்கள். அங்கே அப்போதிருந்த வழக்கப்படி, செத்தவனுக்கு மூன்று மணி கிடையாது. அவன் ஆள் இல்லை, கல் கணக்கு. மெதுவாக இழுத்தால் அந்த நேரத்துக்கு ஏற வேண்டிய கல் ஏறாமல் போய்விடும் பாருங்கள்.

இன்பராஜ் மூன்று மணி அடித்தான்.

மேற்பார்வைக்கு நின்ற துரை, உள்ளே யார் உயிரோடு இருப்பது என்று அதட்டினார்.

"யாரும் இல்ல தொரை," என்றான் இவன். "காத்தவராயன்தான் போறான்."

துரை அவனை ஒரு வாரம் வேலையை விட்டு நிறுத்தினார். கேஜ் என்னவோ மெதுவாகத்தான் ஏறியது.

நியாயப்படி இந்தச் சம்பவம் இங்கேயே நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மேலே ஷாப்ட் வாசலில் காத்தவராயன் பெண்சாதி மங்கம்மா நின்றிருந்தாள். கீழே கல் சரிந்துவிட்டது என்று மட்டும்தான் அங்கே சேதி வந்திருந்தது. எஞ்சின் ரூமில் மூன்று மணி கேட்டதும் அவள், "ஆள் வருது, ஆள் வருது" என்று கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடியிருக்கிறாள். புருஷன் உயிரோடு வருகிறான் என்று நினைத்துவிட்டாள். கேஜ் மெதுவாக, ரொம்ப மெதுவாக ஏறி வந்து அவள் எதிரில் நின்றது.

அன்று சாயந்தரம் இன்பராஜ் அவள் வீட்டுக்குப் போனான். நானும் கூடப் போனேன். மங்கம்மா அழுது ஓய்ந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"நீதான் மணி அடிச்சியா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

"இன்னாத்துக்கு மூணு அடிச்ச?"

திரும்பி வரும் வழியெல்லாம், "நான் இன்னா பண்ணியிருக்கணும், சொல்லு பிச்ச" என்று என்னையே கேட்டுக்கொண்டு வந்தான். தேவப்பிச்சை என் பெயர்.

வேலை இல்லாமல் வீட்டில் கிடந்த அந்த வாரத்தில்தான் அவன் யோசித்திருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் எழுந்து, ஆர்மோனியம் பெட்டிக்குள்ளேயே கிடக்கட்டும், நமக்கு வேலை இருக்கிறது என்றான். கீழே யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால், சங்கத்து ஆள் ஒருவன் முதலில் மேலே போக வேண்டும். போய் வீட்டு ஆட்களிடம் நேரில் சொல்ல வேண்டும். மணியைக் கேட்டு யாரும் தெரிந்துகொள்ளக் கூடாது. அதற்குப் பிறகு மூன்று மணி அடித்து உடம்பை மெதுவாக ஏற்றுவது. ஷாப்டிலிருந்து வீட்டுக்கும் வீட்டிலிருந்து இடுகாட்டுக்கும் சங்கமே தூக்குவது. இந்துவானாலும் நம்மை மாதிரி வேதக்காரனானாலும் ஒன்றுதான். உபதேசியார் மட்டும், இந்துக்களை நாம் தூக்கினால் மிஷனில் என்ன சொல்வார்களோ என்று இழுத்தார்.

"கல்லு விழறப்போ, நீ இன்னா வேதம்னு கேட்டுகினா விழுது, ஐயா?" என்றான் இன்பராஜ்.

பேச்சை நிறுத்தத் தெரியாத உபதேசியார் அன்றைக்கு நிறுத்தினார். கொஞ்ச நாளில் துரைமாரும் கண்டும் காணாமல் இருந்துவிட்டார்கள். எல்லா லெவலிலும் செத்தவனுக்கும் மூன்று மணி அடிக்க ஆரம்பித்தார்கள். இதை இன்பராஜ் ஒருவன்தான் செய்தான். இதற்காக மட்டும் பதக்கம் கொடுத்திருந்தால் நானே முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டியிருப்பேன்.

இன்னொரு வழக்கமும் அவனால் வந்தது. லைனில் பாதிப் பேர் தனியாட்கள். பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். எங்கள் சனங்களில் வீட்டு ஆள் முதல் மண் போட்ட பிறகுதான் மற்றவர்கள் போடுவார்கள். தனியாளுக்கு அந்த முதல் மண்ணைப் போட யார் இருக்கிறார்கள்? ஆகவே இன்பராஜ் குழி மேட்டில் நின்று, "வூட்டு ஆளுங்க யாருங்க? முன்னாடி வாங்க" என்று கேட்பான். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கேட்பான். யாரும் வராவிட்டால், "யாரும் இல்லன்னா நான் போடறேன்" என்று சொல்லிக் குனிந்து மூன்று பிடி அள்ளிப் போடுவான். முதல் தடவை அவன் அப்படிச் சொன்னபோது நாங்கள் எல்லோரும் அழுதுவிட்டோம். அவனும் அழுதான். முன்பின் தெரியாத ஒருவனுக்கு வீட்டு ஆளாக நிற்பது லேசான காரியமா?

பிறகு பிளேக் வந்தது. பெற்ற பிள்ளையைத் தொடவே ஜனங்கள் பயந்த காலம் அது. லைனைக் காலி செய்து, எல்லோரையும் வெளியே குடிசை போட்டு உட்காரவைத்தார்கள். சங்கத்தில் பாதிப் பேர் ஊருக்கு ஓடிவிட்டார்கள். நான் ஓடவில்லை என்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். என் மாமியார் வீட்டில் இடம் இல்லை. மிச்சம் இருந்தவர்கள் தூக்கினோம். ஒரே பாயில் இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டுபோய் வைத்த நாளும் உண்டு. ஒவ்வொரு குழி மேட்டிலும் இன்பராஜ் அதே கேள்வியைக் கேட்பான், பெரும்பாலும் அவனே பதிலும் சொல்வான். யாரும் இல்லன்னா நான் போடறேன். அடுத்த குழிக்குப் போவோம். அங்கேயும் யாரும் இல்லன்னா நான் போடறேன். கொஞ்ச நாளில் அவன் அதைச் சொல்லும்போது எங்களில் யாருக்கும் கண் கலங்குவது நின்றுவிட்டது. எங்களுக்கு அது பிளேக் போன பிறகு திரும்பி வந்தது. அவனுக்கு வரவில்லை.

முதலில் கேலி போயிற்று. பிறகு பாட்டு. கூட்டத்தில் எல்லோரும் பாடும்போது வாயை மட்டும் அசைப்பான். நான் பாடகன், எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியும். பிளேக்குக்கு அடுத்த வருஷம் சாராவைக் கட்டிக்கொண்டான். ஆம்பூர்ப் பெண். வாய் கொஞ்சம் நீளம், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள். ஒருநாள் வேண்டுமென்றே குழம்பில் உப்புப் போடாமல் வைத்திருக்கிறாள். அவன் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினான்.

"இன்னாங்க, உப்பே போடல. தெரில?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சொல்லணும்னு தோணல," என்றான்.

தட்டிக்கு இந்தப் பக்கம் நானும் என் பெண்சாதி லூயிசாவும் சிரித்துவிட்டோம். சாரா சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தோம்.

அவன் கெட்டவன் இல்லை. குடி கிடையாது, கூலியில் ஒரு அணா வெளியே போகாது. எவன் வீட்டிலிருந்து கூப்பிட்டாலும் அடுத்த நிமிஷம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். துக்க வீட்டில் அவன் போய் நின்றாலே காரியங்கள் தானாக நடக்கும். கூச்சல் இருக்காது, குழப்பம் இருக்காது. வயதில் மூத்தவர்கள்கூட அவன் என்ன சொல்கிறான் என்று வாயைப் பார்ப்பார்கள். டெய்சி பிறந்த பிறகாவது மாறுவான் என்று சாரா எதிர்பார்த்தாள். குழந்தையை மடியில் வைத்துக்கொள்வான். அது அவன் மீசையைப் பிடித்து இழுக்கும். இழுக்க விட்டுவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பான். வலிக்கிறது என்றுகூடச் சொல்லமாட்டான்.

1903-இல், மழைக் காலம் முடியும் சமயம், டெய்சிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று வயது தாண்டியிருந்தாள். மருந்தும் கொடுத்தார்கள், உபதேசியார் வந்து ஜெபமும் பண்ணினார். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. விடியற்காலையில் சாராவின் சத்தம் கேட்டு நாங்கள் ஓடினோம். நாங்கள் போவதற்குள் இன்பராஜ் முகம் கழுவித் துண்டை எடுத்துக்கொண்டுவிட்டான்.

"எங்க போறீங்க? எங்கூடக் கொஞ்சம் ஒக்காருங்க," என்றாள் சாரா. குழந்தை அவள் மடியில் இருந்தது.

"குழிக்கு ஆள் சொல்லணும்."

நான் அவன் கையைப் பிடித்தேன். "இன்பா, நாங்க பாத்துக்கறோம். நீ வூட்ல இரு."

"போன தரம் குழிய சின்னதா வெட்டிட்டானுங்க. நான் நின்னாத்தான் சரியா வெட்டுவானுங்க," என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டு போனான்.

பெட்டிக்குச் சொன்னான். பாடகர்களுக்குச் சொன்னான். ஒரு ஆள் தோளில் வைத்துக்கொண்டு போகக்கூடிய பெட்டி அது. சங்கத்து முறைப்படி நான்கு பேர் தூக்க வேண்டும் என்று நான்கு பேரை நிறுத்தினான். முன்னால் அவனே நடந்தான். எங்கள் சபையில் பெண்களும் இடுகாட்டுக்கு வருவார்கள். சாராவை லூயிசாவும் இன்னொருத்தியும் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்து கொஞ்சம் தள்ளி நிறுத்தினார்கள். உபதேசியார் ஜெபம் முடித்தார். பெட்டியை இறக்கினோம்.

இன்பராஜ் குழி மேட்டில் ஏறி நின்று கூட்டத்தைப் பார்த்தான்.

"வூட்டு ஆளுங்க யாருங்க? முன்னாடி வாங்க," என்றான்.

யாரும் அசையவில்லை. முதலில் எனக்குப் புரியவே இல்லை. என் கால் தானாக ஒதுங்கி, வருகிறவர்களுக்கு வழி விட்டது. பிறகுதான் உறைத்தது. நான் சாரா பக்கம் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. அவன் எப்போதும் பொறுக்கிற அளவு பொறுத்துவிட்டு, இன்னொரு தடவை கேட்டான். அப்புறம் சொன்னான்.

"யாரும் இல்லன்னா நான் போடறேன்."

குனிந்து மூன்று பிடி மண் அள்ளிப் போட்டான். வேட்டியில் கையைத் தட்டிக்கொண்டு, மற்றவர்களுக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றான். உபதேசியார் தேம்பித் தேம்பி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அவனை ஓங்கி ஒரு அறை அறைய வேண்டும் போலிருந்தது.

அன்றிலிருந்து சாரா அவனிடம் பேசவில்லை. சோறு போடுவாள், துணி துவைப்பாள், ஷிப்டுக்குக் கட்டிக் கொடுப்பாள். பேச்சு மட்டும் கிடையாது. தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிடும். மாதங்கள் போயின. லூயிசா பொறுக்கமாட்டாமல் ஒருநாள் போய்க் கேட்டாள்.

"எங்க வூட்ல யாரும் இல்லன்னு ஊருக்கே சொல்லிட்டாரே அக்கா. அப்புறம் நான் யார்கிட்ட பேசறது?" என்றாளாம் சாரா. "ஒரு தரம் எங்கூட ஒக்காந்து, அவ போயிட்டான்னு அவரும் அழுவட்டும். அப்ப பேசறேன். இல்லன்னா எங்கம்மா வூட்டுக்குப் போறேன். இங்க இருக்கறதுக்கும் அங்க இருக்கறதுக்கும் எனக்கு இன்னா வித்தியாசம்?"

நான் அவனைத் தனியாகப் பிடித்தேன். ஷிப்டு முடிந்து வந்துகொண்டிருந்தோம்.

"அன்னிக்குக் குழி மேட்ல இன்னா கேட்ட, தெரியுமா உனக்கு?"

"தெரியும். வூட்டுக்கு வந்தப்புறம் தெரிஞ்சுது."

"தெரிஞ்சு?"

"ஒண்ணும் ஆவல," என்றான். அதைச் சொல்லும்போதும் முகத்தில் ஒன்றும் இல்லை. "அழணும்னு ஒக்காந்து பாத்தேன் பிச்ச. அவ சட்டைய எடுத்துக் கைல வெச்சிகினுகூடப் பாத்தேன். வரல. சாரா கேக்கறது நாயம்தான். இருந்தாத்தானே குடுக்கறது."

இப்படிப்பட்டவனிடம் என்ன பேசுவது?

1904-ஆம் வருஷத்து ஆண்டுவிழாவில்தான் சங்கம் முதல் முதலாகப் பதக்கம் கொடுப்பது என்று தீர்மானித்தது. சிறந்த தலைமைக்கும் சேவைக்கும். வேறு பெயரை யாரும் சொல்லவே இல்லை. பெங்களூர் தண்டுக் கடைத்தெருவில் செய்யச் சொல்லி, உபதேசியாரே ரயிலில் போய் வாங்கிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆராதனை முடிந்ததும் கூட்டம். மாலை, தோரணம், பெட்டியிலிருந்து வெளியே வந்த ஆர்மோனியம், எல்லாம் இருந்தன. சாரா பெண்கள் பக்கத்தில், பாயில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் ஆம்பூரிலிருந்து அவள் அண்ணன் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. அது எங்கள் லைனுக்குத் தெரியும், உபதேசியாருக்குத் தெரியாது.

அவர் பாராட்டுரை எழுதிக்கொண்டு வந்து வாசித்தார். மூன்று மணியைச் சொன்னார், பிளேக்கைச் சொன்னார், தனியாட்களுக்கு மண் போட்டதைச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலே வாசித்தார்.

"தம் ஒரே குமாரத்தியாகிய டெய்சியை அடக்கம்பண்ணின நாளிலும் இவர் தளர்ந்தாரில்லை. அந்நியருக்குச் செய்ததையே தம் பிள்ளைக்கும் செய்தார். ஒரு சொல் கூடவும் இல்லை, ஒரு சொல் குறையவும் இல்லை. சேவை என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?"

சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உபதேசியார் பதக்கத்தைத் தட்டில் எடுத்து வைத்து, "சாராம்மா, நீயே வந்து உன் வூட்டுக்காரர் சட்டையில குத்தும்மா" என்று கூப்பிட்டார்.

அவள் எழுந்து வந்தாள். பதக்கத்தைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"ஐயா, இதுல டெய்சி பேரு எழுதிக்கீதுங்களா?"

"இல்லம்மா. இன்பராஜ் பேருதான் எழுதியிருக்கு."

"அப்ப அவளப் பத்தி ஏன் படிச்சீங்க?"

உபதேசியார் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"அன்னிக்கு அவர் பண்ணது சேவ இல்லிங்க ஐயா," என்றாள் சாரா. குரலை உயர்த்தவே இல்லை. கடைசிப் பாய் வரைக்கும் கேட்டது. "அது எங்க வூட்டுப் புள்ளன்னு அவருக்குத் தெரில. அவ்வளவுதான்."

பதக்கத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். இன்பராஜ் தானே கையை நீட்டி, தட்டிலிருந்து பதக்கத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். முகம் கோணவில்லை, பெண்சாதி மேல் கோபமும் இல்லை. அதைப் பார்த்துத்தான் சபையார், இன்னா அடக்கம், இன்னா பொறுமை என்று வியந்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "ஸ்தோத்திரம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான். காப்பி கொடுப்பதற்கு முன்னாலேயே நானும் லூயிசாவும் அவன் பின்னால் கிளம்பினோம்.

நாங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது தட்டிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவன் உட்காராமல் நிற்கிறான் என்று மட்டும் தெரிந்தது. அவன் உட்கார்ந்தால் அந்த வீட்டுப் பெட்டி கிறீச்சிடும். லூயிசா என்னைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் நின்ற இடத்திலேயே நின்றோம்.

"சாரா," என்றான்.

பதில் இல்லை.

"ஐயா அவ பேரப் படிச்சாரு இல்ல. அப்ப அவ மூஞ்சிய நெனச்சிப் பாத்தேன். வரல."

அவனே மேலே சொன்னான்.

"காத்தவராயன் மூஞ்சி வருது. பிளேக்ல போன அந்த ரெட்டப் புள்ளைங்க மூஞ்சி வருது. பேர்கூடத் தெரியாதவனுங்க மூஞ்சியெல்லாம் வருது. எல்லாத்தையும் பாத்துகினே போறேன், அவளக் காணம். நெத்தி வந்தாக் கண்ணு வரமாட்டேங்குது. நீ ஊருக்குப் போ. நான் வேணாம்னு சொல்லல. போறதுக்கு முன்னாடி அவ எப்பிடி இருப்பான்னு சொல்லிட்டுப் போ. உன்ன விட்டா எனக்குச் சொல்றதுக்கு ஆள் இல்ல."

சாரா வீட்டிலேயே இல்லையோ என்றுகூட நினைத்தேன். அப்புறம் அவள் குரல் வந்தது. மாதக்கணக்கில் கேட்காத குரல், கம்மிப்போயிருந்தது.

"நெத்தி உங்களுது. அகலமா இருக்கும்."

"உம்."

"புருவம் இருக்கறதே தெரியாது. மூக்கு என்னாட்டம் சப்ப. மோவாயில ஒரு தழும்பு. அடுப்புக் கட்ட மேல விழுந்தாளே, அது."

"உம்."

"மேப்பல்லு ஒண்ணு இன்னும் சரியா மொளைக்கல. நாக்க அதுல வெச்சி வெச்சி எடுப்பா. சிரிச்சா ஒரு கண்ணு சின்னதாப் போவும்."

"எந்தக் கண்ணு?"

"எடது."

பெட்டி கிறீச்சிட்டது. பிறகு ஒரு சத்தம் வந்தது. சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் வரும் தூசி இருமல் என்றுதான் முதலில் நினைத்தேன். நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. இருமல் இல்லை என்று லூயிசாவுக்கு என்னைவிட முன்னால் தெரிந்துவிட்டது. அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்க, வெளிய போலாம்," என்றாள்.

நாங்கள் படியைத் தாண்டும்போது அவன் குரல் கேட்டது. "இன்னொரு தரம் சொல்லு."

சாரா மறுபடியும் நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள்.